ஆத்துமாவை அடக்கியவள்

ரெட்டிபாளையத்தில் பழைய ஆட்களிடம் மஞ்சு என்று சொன்னால், "எந்த மஞ்சு, மவன் சாவுல கை தட்டிப் பாடுனாளே, அவளா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஒரு மனுஷியைப் பற்றி ஊருக்கு ஒரு விஷயம் கிடைத்தால் போதும், மிச்சத்தை ஊரே சேர்த்துக்கொள்ளும். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். பைத்தியம் என்றார்கள். பாஸ்டர் எதையோ கரைத்துக் குடிக்கக் கொடுத்துவிட்டார் என்றுகூடச் சொன்னார்கள். அன்றைக்கு அவள் தனக்குள் என்ன பாடுபட்டாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள், அது வேறு.

அவள் புருஷன் அரியமுத்து சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டினான். சிமென்ட் ஆலை உள்ள ஊரில் வேப்பமரம்கூட வெளுத்துத்தான் நிற்கும். அவனும் வேலை முடிந்து புருவத்திலிருந்து செருப்பு வரைக்கும் வெள்ளையாகத்தான் வீட்டுக்கு வருவான். கல்யாணமாகி வெகுநாள் வரை அவர்களுக்குப் பிள்ளையில்லை. அவனுடைய அக்கா குஞ்சம்மாள் குரும்பலூரிலிருந்து வரும்போதெல்லாம் கையோடு ஒரு புது நேர்த்திக்கடனைக் கொண்டுவருவாள். மஞ்சு எல்லாவற்றையும் செய்தாள். மண்சோறு சாப்பிட்டாள், மரத்தில் தொட்டில் கட்டினாள், விரதம் இருந்து இருந்து பாதியாக இளைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே இருந்த ஜெப வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமென்ட் தரை, அந்தச் சின்ன இடத்துக்குத் தேவையே இல்லாத பெரிய ஒலிபெருக்கி. மறுவருடம் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அது வேறு எதனாலோ பிறந்திருக்கும் என்று யாராவது மஞ்சுவிடம் வாதம் செய்து பார்த்திருக்க வேண்டும், அப்போது தெரிந்திருக்கும் சேதி.

அரியமுத்து சபைக்குப் போகவில்லை. அவளைப் போகாதே என்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு மட்டும் தன் அப்பன் பெயரை வைத்தான், வீரமணி என்று. பையன் அப்பன் மடியில் உட்கார்ந்து டிப்பரின் ஸ்டியரிங்கைப் பிடிப்பான். அரிசியைப் பச்சையாக மென்று தின்பான். சுரங்கத்தில் மத்தியானம் வெடி போடும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கூரையிலிருந்து என்ன விழப்போகிறது என்று அண்ணாந்து பார்த்துச் சிரிப்பான். ஒருநாள் பாஸ்டரிடம், "சாமி எல்லா எடத்துலயும் இருக்காருன்னா எங்க வூட்டுச் சோத்துப்பானையிலயும் இருக்காரா?" என்று கேட்டு, அவர் பதில் சொல்லுமுன் வெளியே ஓடிவிட்டான். அப்படி ஒரு பிள்ளை.

பாஸ்டர் ராசாங்கம் முன்பு பிட்டர் வேலை பார்த்தவர். மனைவி இறந்தபிறகு வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தார். நல்ல மனுஷர். எதையும் பிரித்துக் கழற்றிக் காட்டினால்தான் அவருக்குத் திருப்தி, அது பழைய தொழிலின் பழக்கம். ஆவி வேறு, ஆத்துமா வேறு என்பது அவருடைய முக்கியமான போதனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்காக மூன்றடுக்கு டிபன் கேரியரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"கீழ்த்தட்டு நம்ம சரீரம். நடுத்தட்டு ஆத்துமா. மேல்தட்டு ஆவி. ஆச, கோவம், பாசம், அழுகை எல்லாம் நடுத்தட்டுல இருக்குது. கொஞ்சம் சாஞ்சாலும் சிந்திடும். ஆனா மேல்தட்டுல இருக்கறது தேவன் நம்ம மூக்குல ஊதுன மூச்சு. அது அழாது, கலங்காது, தேவனப் பாத்துக்கிட்டே இருக்கும். அப்ப எது எதுக்கு அடங்கணும்?"

"ஆத்துமா ஆவிக்கு அடங்கணும்" என்று சபை ஒரே குரலில் சொன்னது. மஞ்சுவும் சொன்னாள். தினமும் டிபன் கேரியர் கட்டிக் கொடுக்கிறவளுக்கு இதைவிட விளக்கமாக வேறு எப்படிச் சொல்ல முடியும்? அன்றிலிருந்து கோபம் வந்தால், "ஆத்துமாவே, அடங்கு" என்பாள். நாத்தனார் ஏதாவது குத்திப் பேசினால், "ஆத்துமாவே, அடங்கு" என்பாள். உண்மையில் அது அவளுக்கு உதவியாகத்தான் இருந்தது.

வீரமணிக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்தது. அரியலூரைத் தனி மாவட்டமாக்கியிருந்த வருடம் அது. அடுத்த வருடமே வேண்டாமென்று திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அந்த ஐப்பசி மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் உடம்பு கொதித்தது, மறுநாள் கழுத்து விறைத்தது. திருச்சிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துதான் பார்த்தார்கள். மூளைக் காய்ச்சல், பிள்ளை தாங்கவில்லை. கடைசியாக அவன் பால் கேட்டான், ஆனால் விழுங்க முடியவில்லை. விடிந்து சற்று நேரத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று.

வேனில் உடலைக் கொண்டுவந்து வாசலில் இறக்கியபோது தெருவே திரண்டு நின்றது. நம் பக்கத்துச் சாவு வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. வருகிற பெண்கள் எல்லோரும் முதலில் பறிகொடுத்தவளிடம் போக வேண்டும். அவளைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து, அவளோடு சேர்ந்து ஒரு பாட்டம் அழ வேண்டும். பெற்றவள் தனியாக அழக்கூடாது என்பதற்காக யாரோ புண்ணியவதி ஏற்படுத்தி வைத்த வழக்கம். குஞ்சம்மாள் தெருமுனையிலேயே கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள்.

"கரும்புக் கொல்லையில
கால் வலிக்கக் கூட வந்தியே,
கடைசியில அத்தைகிட்ட
சொல்லாமப் போனியே சாமி..."

அவள் குரலைக் கேட்டதும் மஞ்சுவுக்குள் ஏதோ கிளம்பி நெஞ்சுவரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் பாஸ்டர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். வெள்ளைச் சேலை கட்டிய சபைப் பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள்.

"சிஸ்டர், ஆத்துமா பொங்கும், விட்றாதீங்க. ஆவியில நில்லுங்க. கொடுத்தவரு எடுத்துக்கிட்டாரு. அழுது அவரு கையப் புடிச்சு இழுக்காதீங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் மஞ்சுவைப் பிடித்துக்கொண்டது. ஊர் நினைப்பதுபோல, நாலு பேர் மெச்ச வேண்டும் என்று அவள் அழாமல் இருக்கவில்லை. அழுதால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தாள். போகிற பிள்ளையைத் தாய் பின்னால் நின்று கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்காதா? திரும்பிப் பார்த்து, வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? கொடுப்பதை முழுசாகக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். சபை பாட ஆரம்பித்ததும் அவளும் பாடினாள். சபை கை தட்டியதும் அவளும் தட்டினாள். குஞ்சம்மாள் ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தலையை முட்டினாள். மஞ்சு மரம் மாதிரி நின்றாள்.

குஞ்சம்மாள் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தாள். ஈரமே இல்லை.

"பெத்தியா, இல்ல எங்கயாச்சும் கண்டெடுத்தியாடி?" என்று கேட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அங்கே மஞ்சுவைத் தொட்டு அழ ஒருத்தியும் வரவில்லை.

மறுநாள் புதைத்த இடத்தில் பால் தெளிக்கப் போக வேண்டும். அரியமுத்து ஒரு டம்ளரில் பாலை ஊற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"வா மஞ்சு. கடைசியா பால்தான கேட்டான். நீ ஊத்து."

"நான் வரல மாமா. அங்க அவன் இல்ல. அவன் ஆவி கொடுத்தவருகிட்டயே போயிடுச்சு."

"ஆவி போயிருக்கும்டி. நான் இல்லங்கல. நான் அந்த ஆவிய எங்க பாத்தேன்? எனக்கு எம் புள்ளதான வேணும்."

அவன் டம்ளரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். சாயங்காலம் திரும்பி வந்து அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு கெஞ்சினான். அரியமுத்து யாரிடமும் கெஞ்சுகிற ஆள் இல்லை. முதலாளியிடம்கூட நிமிர்ந்து நின்றுதான் பேசுவான்.

"ஒரே ஒரு தடவ எங்கூட உக்காந்து அழு மஞ்சு. தனியா அழ முடியல. நீயும் நானும்தான அவனுக்கு. ஒரு தடவ அழுதுட்டு, அப்புறம் நீ எந்தப் பாட்ட வேணாலும் பாடிக்க."

அவள் "ஆத்துமாவே, அடங்கு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஜெபக் கூட்டத்துக்குப் புறப்பட்டுப் போனாள். எனக்கு அவள்மேல் எவ்வளவோ பரிவு உண்டு. ஆனாலும் அன்றைக்கு அவள் எடுத்து வைத்த அந்த அடியை நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது. வீட்டில் ஒரு மனுஷன் துடித்துக்கொண்டிருக்கும்போது வெளியே போய் எந்தச் சாமியைக் கும்பிடுவது?

அதற்குப் பிறகு அவர்கள் சண்டையும் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போட்டாள், சாப்பிட்டான். துவைத்துப் போட்டாள், உடுத்திக்கொண்டான். வீரமணி என்று ஒரு பிள்ளை அந்த வீட்டில் ஓடி விளையாடியதற்கு அடையாளமே இல்லாமல் இருவரும் பேசிக்கொண்டார்கள். அவன் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். சிமென்ட் தூசி என்பான். ஒன்றரை வருடம் இப்படி ஓடியபின் ஒருநாள் அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"அக்கா வூட்டுல டிராக்டர் வாங்கியிருக்காங்க. கரும்பு லோடு அடிக்க ஆள் வேணுமாம். போயிட்டு வரேன்."

போனவன் முதலில் மாதத்துக்கு ஒருதரம் வந்தான். அப்புறம் பொங்கலுக்கு வந்தான். அப்புறம் வரவே இல்லை.

மஞ்சு அங்கன்வாடியில் சமையல் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சபையில் அவளுக்கு நல்ல பெயர். வெளியூர் ஊழியர்கள் வந்தால், "இந்த சிஸ்டர்தான் மகன அடக்கம் பண்ணின அன்னைக்குத் துதிச்சவங்க" என்று எழுப்பி நிறுத்துவார்கள். அவள் எழுந்து நிற்பாள். ஆனால் கொஞ்ச நாளாக அவள் தொண்டையில் எதுவோ அடைத்துக்கொண்டு கிடந்தது. சோறு இறங்கவில்லை, தண்ணீர்கூட வலித்து வலித்து இறங்கியது. அரியலூரில் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே அம்மா என்றார். நடுத்தட்டு என்று பாஸ்டர் சொன்னாரே, அது தொண்டையில்தான் இருக்கும்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவன் போன அடுத்த வருடம், ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமழை கொட்டியது. சபைக்குப் போக முடியவில்லை. மஞ்சு வீட்டிலேயே வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தாள். செத்து நான்கு நாளான சிநேகிதனை இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய இடம். பாஸ்டர் எத்தனையோ தடவை பிரசங்கம் செய்த இடம்தான். ஆனால் அவர் எப்போதும் கல்லைப் புரட்டுகிற கட்டத்திலிருந்துதான் ஆரம்பிப்பார், வேகமான மனுஷர். மஞ்சுவுக்கு வேகமாக வாசிக்க வராது. அதனால் ஒன்றையும் தாண்டாமல் வாசித்தாள்.

செத்தவனுடைய சகோதரி அழுகிறாள். கூட வந்தவர்களும் அழுகிறார்கள். அதைப் பார்த்து அவர் ஆவியிலே கலங்குகிறார். மஞ்சு அந்த இடத்தில் நின்றுவிட்டாள். திரும்ப முதலிலிருந்து எழுத்துக் கூட்டினாள். ஆவியில்தான். அடுத்த வரிகளில் அவர் கண்ணீர் விட்டு அழுகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தவரே அழுதிருக்கிறார். ஆவி அழாது என்று தனக்குச் சொன்னார்களே!

மழை விட்டதும் விடாததுமாக அவள் ஜெப வீட்டுக்குப் போனாள். பாஸ்டர் ராசாங்கம் ஒலிபெருக்கியைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதையெல்லாம் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"அவரு மனுஷனா வந்தாரும்மா. மனுஷன் மாதிரி நடந்துக்கிட்டாரு."

"நானும் மனுஷிதானங்கய்யா."

"நீங்க குழப்பிக்கிறீங்க. ஆவி வேற, ஆத்துமா வேற. ரெண்டையும் பிரிக்கிற கூர்மை தேவனோட வார்த்தைக்கு இருக்குதுன்னு வேதத்துலயே இருக்கு."

"அந்த வார்த்தைக்குத்தான இருக்குது? நாமளா பிரிக்கலாங்களாய்யா? நான் கையால பிச்சுட்டேன் போல இருக்கேய்யா. தொண்டை வலிக்குது."

பாஸ்டருக்குக் கோபம் வந்தது. விசுவாசம் தளர்ந்துவிட்டது, உபவாசம் இருங்கள் என்றார். மஞ்சு சரிங்கய்யா என்று எழுந்து வாசலுக்குப் போனாள்.

"சிஸ்டர்" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, கையிலிருந்த ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வூட்டுக்காரம்மா போனப்ப நான் அழல. தெரியுமில்ல?"

"தெரியுங்கய்யா. சபையில சாட்சி சொல்லியிருக்கீங்க."

"இப்ப ஆரம்பிச்சா நிறுத்த முடியாதுன்னு பயமா இருக்கும்மா. நீங்க போங்க."

மஞ்சுவுக்கு அவர்மேல் இருந்த வருத்தமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. பாவம், அவரும் தொண்டையில் அடைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமாகப் பிரசங்கம் செய்திருக்கிறார்.

மறுநாள் காலையில் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு குரும்பலூருக்குக் கிளம்பினாள். அரியலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து பெரம்பலூருக்கு ஒரு பஸ். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள். அவளுக்குப் பெரிய படிப்பு இல்லை, ஆனால் அன்றைக்கு அவள் யோசித்தது எனக்குச் சரி என்றுதான் படுகிறது. ஆவி என்பது மூச்சு. அது அவர் ஊதியது, அவரிடமே போய்விட்டது. அதில் அவளுக்கு வழக்கில்லை. ஆனால் அரிசியைப் பச்சையாக மென்றவன் யார்? வெடிச்சத்தத்துக்குக் காதைப் பொத்தினவன் யார்? மூச்சா அதையெல்லாம் செய்தது? மண்ணும் மூச்சும் சேர்ந்து ஒரு ஆள் ஆனானே, அந்த ஆள்தான் ஆத்துமா. வீரமணிதான் ஆத்துமா. மூச்சைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு, பிள்ளைக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்துவிட்டாள். எனக்கு எம் புள்ளதான வேணும் என்று அரியமுத்து கேட்டது இதைத்தான். அவனுக்கு வேதமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அப்பனாக இருந்தான், அது போதுமாக இருந்தது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கினாள். இந்தத் தடவை அடக்கியது வேறு காரணத்துக்கு. முதல் அழுகை அவன் முன்னால்தான், அவனோடு சேர்ந்துதான் என்று எடுத்து வைத்துக்கொண்டு போனாள்.

குஞ்சம்மாள் வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சுவைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அவரு எங்க அண்ணி?"

"எங்க போவான்? ஜெபத்துக்குப் போயிருக்கான்."

மஞ்சுவுக்குப் புரியவில்லை. "யாரு?"

"உம் புருசன்தான். டவுன்ல லாரிக்காரங்கல்லாம் கூடுற சபையாம். தண்ணியில முக்கி முழுக்கு குடுத்து மூணு மாசமாச்சு. வந்த புதுசுல அந்தப் புள்ளையச் சொல்லிச் சொல்லி அழுவான். நானும் கூட உக்காந்து அழுவேன். இப்ப நான் அழுதாக்கூட, அக்கா வேணாம்க்கா, அது ஆத்துமா செய்யிற சேட்டைன்னு எனக்குப் புத்தி சொல்றான்." குஞ்சம்மாள் சோளத்தை வேகமாகக் கிளறினாள். "நீ ஒருத்தி போதாதாடி? அவனையும் ஆக்கிட்டீங்களே."

மஞ்சு அங்கேயே சோளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து அரியமுத்து வந்தான். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதம். கண்ணில் அந்தப் பழைய சிவப்பு இல்லை. அவளைப் பார்த்ததும் அவன் முகம் அப்படி மலர்ந்தது.

"ஸ்தோத்திரம் மஞ்சு! நீயே வந்துட்டியா? நானே கிறிஸ்மஸுக்கு வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

உள்ளே கூட்டிப் போய், பாய் விரித்து உட்கார வைத்து, தானே தண்ணீர் மொண்டு கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பையன் மாதிரி பேசினான்.

"ஒன்ன எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா மனசுக்குள்ள? இவளுக்கு நெஞ்சே இல்லையான்னு. இங்க வந்தப்புறம் தூக்கம் கிடையாது, சோறு கிடையாது. டிராக்டரக் கொண்டுபோய் வாய்க்கால்ல விட்டுட்டேன் ஒருநாள். அப்பதான் ஒன்ன நெனச்சேன். அவ எப்படி நின்னா? அன்னைக்கு அவகிட்ட இருந்தது எனக்கும் வேணும்னு தேடிப் போனேன். நீதான் மஞ்சு எனக்கு வழி காட்டுனது. இப்ப மூணு மாசமா கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல."

அவள் மெச்சுவாள் என்று அவன் காத்திருந்தான். மஞ்சு அவன் முகத்தையே பார்த்தாள். எங்கும் ஈரமில்லை. தன் முகத்தை அன்றைக்குக் குஞ்சம்மாள் எப்படிப் பார்த்திருப்பாள் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அழ வேண்டும் என்று அவன் கெஞ்சியபோது அவள் இல்லை. இப்போது அவள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள், அவன் அங்கிருந்து போய்விட்டான். போன வழியை அவளே காட்டியிருக்கிறாள்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. மூன்று வருடத்து அழுகையும் ஒன்றாகக் கிளம்பியது. முதலில் குரல்கூட வரவில்லை, நாய் குரைப்பதுபோல ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. அப்புறம் வாய்விட்டுக் கதறினாள். வாசலில் குஞ்சம்மாள் சோளத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்து கதவோரம் நின்றாள்.

அரியமுத்து பதறிப்போனான். "மஞ்சு, என்னா இது? அடங்கு புள்ள. ஆத்துமா பொங்குது, விட்றாத. நீயே இப்படிப் பண்ணலாமா?"

"பொங்கட்டும் மாமா. அவன்தான் மாமா ஆத்துமா. நம்ம புள்ளைதான். நானும் நீங்களும் அழாம அவனுக்கு யாரு அழுவா?"

அவனுக்கு அது காதில் ஏறவில்லை. விசுவாசத்தில் விழுந்துபோனவளைப் பார்க்கிற பரிதாபத்தோடு அவளைப் பார்த்தான். பக்கத்தில் முழங்கால் போட்டு, அவள் தலையில் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தான். நன்றாகத்தான் ஜெபித்தான், தடங்கல் இல்லாமல், நல்ல குரலில். "ஆண்டவரே, நீர் கொடுத்த அந்தப் பிள்ளையை நீரே எடுத்துக்கொண்டீர். அந்தப் பிள்ளையின் ஆவி உம்மிடத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளையை நினைத்துக் கலங்குகிற இந்த மகளுடைய ஆத்துமாவை அடக்கும்..."

மஞ்சு அழுகைக்கு நடுவில் அதைக் கவனித்தாள். தலையிலிருந்த அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"மாமா, பேரச் சொல்லி ஜெபிங்க."

அவன் கண்ணைத் திறந்தான்.

"அந்தப் புள்ள, அந்தப் புள்ளங்கறீங்க. அவனுக்குப் பேரு இல்லையா? நீங்கதான வச்சீங்க. சொல்லுங்க."

"அவருக்குத் தெரியும் மஞ்சு, எந்தப் புள்ளைன்னு."

"அவருக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க."

அரியமுத்து சிரிக்கப் பார்த்தான். இதில் என்ன இருக்கிறது என்பதுபோல ஒருமுறை தொண்டையைச் செருமினான். கண்ணை மறுபடி மூடிக்கொண்டு, "ஆண்டவரே" என்றான். "எங்க மகன்" என்றான். வாய் திறந்தபடியே நின்றது. அந்தப் பெயர் வரவில்லை. கையைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தான், அவள் விடவில்லை.

"சொல்லுங்க மாமா" என்றாள் மஞ்சு. "நான் இருக்கேன்."